ரிச்சி ஸ்ட்ரீட்டும் அக்காவின் லேப்டாப்பும்

பவர் பட்டனை அமுக்கிட்டு மெஸ்ஸுக்குப் போவேன். ரெண்டு தோசை, ஒரு டீ, பக்கத்து டேபிள்ல கொஞ்சம் அரட்டை. திரும்பி வந்து பார்த்தால் ஸ்கிரீனில் அந்த வட்டம் இன்னும் சுத்திக்கிட்டே இருக்கும். ஹாஸ்டலில் என் லேப்டாப்புக்குப் பசங்க வைத்த பேர் 'குக்கர்'. சூடாகும், சத்தம் போடும், ஆனா சாதம் மட்டும் வேகாது!

அதோட வயசைச் சொன்னா நீங்களே கொஞ்சம் மரியாதை கொடுப்பீங்க. அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் அது. திட்டம் ஆரம்பித்தது 2011-ல். அக்கா கைக்கு வந்தது 2016-ல். அதை வைத்தே அவ பி.எஸ்ஸி. முடிச்சா, கம்ப்யூட்டர் சென்டரில் வேலை பார்த்தா, கல்யாணமாகிப் போகும்போது "பத்திரமா வச்சுக்கடா" என்று என் கையில் கொடுத்துட்டுப் போனா. மூடியில் அவ ஒட்டிய பட்டாம்பூச்சி ஸ்டிக்கர் இன்னும் இருக்கு. (பசங்க கிண்டலுக்கு அது தனி சப்ஜெக்ட்!)

கிண்டலைத் தாங்கிக்கலாம். 2025 ஆகஸ்ட்டில் நடந்த செமினாரைத்தான் தாங்க முடியலை. பி.சி.ஏ. மூணாம் வருஷம். மேடையில் நான், முன்வரிசையில் ஹெச்.ஓ.டி. ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் ஆளுயரத்துக்கு அதே வட்டம். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம்... பின் பெஞ்சிலிருந்து ஒருத்தன் விசில் சத்தம் கொடுத்தான், குக்கர் மாதிரியே. ஹால் அதிர்ந்தது. ஹெச்.ஓ.டி. வாட்ச்சைப் பார்த்தார். "அடுத்தவங்க வாங்க."

அன்னிக்கு ராத்திரி அப்பாவிடம் போனில் புலம்பியது என் தப்பு. அவர் எங்க ஊரில் ஒரு மளிகைக் கடையில் வேலை பார்க்கிறார். ரெண்டு நிமிஷம் பேசாம இருந்தவர், "சரிடா, அடுத்த மாசம் சீட்டைத் தள்ளி எடுத்துடறேன். புதுசு வாங்கிக்கலாம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சீட்டு யாருக்குன்னு எங்க வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அக்காவுக்கு அப்போ ஆறாவது மாசம். தலைப் பிரசவம். சீட்டுப் பணம் அதுக்கு.

"ஒரு வாரம் டைம் கொடுங்கப்பா, சீட்டை எடுக்காதீங்க" என்று வைத்துவிட்டேன். என் கையில் இருந்தது 3,500 ரூபாய். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போய்ச் சேர்த்த காசு.

மறுநாள் எங்க லேப் அசிஸ்டென்ட் அண்ணன்கிட்ட குக்கரைத் தூக்கிட்டுப் போனேன். அவர் ஸ்க்ரூ டிரைவரைத் தொடவே இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்து காட்டினார். மெமரி 92 சதவீதம். அதுக்குக் கீழே டிஸ்க், 100 சதவீதம். நான் பண்ணியதெல்லாம் ஒரு பிரவுசரைத் திறந்ததுதான்!

"பார்த்தியா? பிராசஸர் 15 சதவீதத்துல சும்மா உக்காந்திருக்கு. அது வேலை செய்யத் தயாரா இருக்கு தம்பி, சரக்குதான் வந்து சேரலை" என்றார்.

அந்த 'சரக்கு'ங்கற வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் அப்பாவுக்கு விளக்கினேன். மளிகைக் கடையில் கைக்கு எட்டுற ரேக் ஒண்ணு இருக்கும். அதுதான் ரேம். பின்னாடி குடோன் இருக்கும். அது ஹார்டு டிஸ்க். ரேக் பெருசா இருந்தா அடிக்கடி கேட்கிற சாமானெல்லாம் அதிலேயே இருக்கும். ரேக் சின்னதா இருந்தா? புளியைக் குடோனுக்குத் தள்ளிட்டுப் பருப்பைக் கொண்டு வரணும், அடுத்த ஆள் புளி கேட்டா பருப்பைத் தள்ளிட்டு மறுபடி புளி. என் லேப்டாப்பில் ரேக் 4 ஜி.பி. அதிலேயும் ஒரு பங்கை ஸ்கிரீன் காட்டுற கிராபிக்ஸ் எடுத்துக்கும்.

கதை அதோடு முடியலை. குடோனுக்கு ஓடுற பையன் இருக்கானே, அவன்தான் வில்லன். ஹார்டு டிஸ்க்குக்கு உள்ளே ஒரு தட்டு சுத்துது. என்னோடதில் நிமிஷத்துக்கு 5,400 சுத்து. அந்தத் தட்டுக்கு மேலே ஒரு சின்னக் கை இங்கேயும் அங்கேயும் நகர்ந்து, வேணுங்கற இடம் சுத்தி வர்ற வரைக்கும் காத்திருந்து படிக்கணும். சிதறிக் கிடக்கிற ஃபைல்களைத் தேடினால் செகண்டுக்கு நூறு தடவை போய் வந்தாலே பெரிய விஷயம். விண்டோஸ் எழுந்து உட்கார ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைக் கேட்கும். எஸ்.எஸ்.டி.யில் தட்டும் கிடையாது, கையும் கிடையாது, எல்லாம் சிப். அது செகண்டுக்கு ஆயிரக்கணக்கில் எடுத்துக் கொடுத்துடும்.

அப்பா எல்லாத்தையும் கேட்டுட்டு ஒரே வரியில் முடிச்சார்: "அப்போ ரேக்கைப் பெருசாக்கு, பையனை மாத்து. கடையை ஏன்டா மாத்தணும்?"

ஹெச்.ஓ.டி. இதைவிட நல்லா நடத்த மாட்டார், சத்தியமா!

சனிக்கிழமை காலையில் செங்கல்பட்டில் எலெக்ட்ரிக் டிரெயின் ஏறினோம், நானும் என் ரூம்மேட்டும். (ஞாயித்துக்கிழமை போயிடாதீங்க, ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெரும்பாலான கடைக்கு லீவு.) பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பக்கத்தில் பார்க் டவுனில் பறக்கும் ரயில். ஒரே ஸ்டேஷன், சிந்தாதிரிப்பேட்டை. லேப்டாப் பையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு இறங்கிய என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரிக்குக் குழந்தையைத் தூக்கிட்டுப் போற மாதிரியே இருக்கடா" என்றான் அவன்.

சிந்தாதிரிப்பேட்டையும் சாதாரண ஏரியா இல்லை. 1730-களில் கிழக்கிந்தியக் கம்பெனி நெசவாளர்களைக் குடியேற்றிய இடம். சின்னத் தறிப் பேட்டைதான் பேர் மருவி இப்படி ஆச்சுன்னு சொல்வாங்க. தறிச் சத்தம் போய் எவ்வளவோ காலமாச்சு. இப்போ மீன் மார்க்கெட், வண்டி ஸ்பேர் பார்ட்ஸ். அப்படியே அண்ணா சாலைப் பக்கம் நடந்தால் ரிச்சி ஸ்ட்ரீட்.

பேருதான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெரு என்று சுத்தி இருக்கிற தெருக்களையெல்லாம் சேர்த்துத்தான் ஜனங்க 'ரிச்சி' என்கிறாங்க. ஒரு காலத்தில் ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பாகம் வித்த தெரு. அப்புறம் டி.வி., வி.சி.ஆர்., அப்புறம் கம்ப்யூட்டர், இப்போ சி.சி.டி.வி. கேமராவும் மொபைல் டிஸ்ப்ளேயும். எது போனாலும் தெரு போகலை, அடுத்ததுக்கு மாறிக்கிட்டு உட்கார்ந்திருக்கு.

பத்து மணிக்கு ஷட்டர்கள் ஒவ்வொண்ணா மேலே ஏறுது. தெருவோட ரெண்டு பக்கமும் பைக், நடுவில் அட்டைப் பெட்டி அடுக்கிய ட்ரை சைக்கிள், அதுக்கும் நடுவில் நாம. ஒரு கடை முழுக்க ஒயர். ஒரு கடை முழுக்க ரிமோட். ஒரு கடையில் மிளகு, கடுகு மாதிரி குட்டிக் குட்டி டப்பாக்களில் கெபாசிட்டரும் ரெசிஸ்டரும். அங்கே ஒரு இ.சி.இ. கூட்டம் லிஸ்ட்டை வைத்துக்கொண்டு நிக்குது. முகத்தைப் பார்த்தாலே தெரியுது, திங்கட்கிழமை ப்ராஜெக்ட் ரிவ்யூ.

"பாஸ், லேப்டாப்பா? சர்வீஸா? டிஸ்ப்ளேவா? பேட்டரியா? வாங்க பாஸ், பார்த்துட்டுப் போங்க பாஸ்!"

இருபதடிக்கு ஒருத்தர் கூப்பிடறார். எனக்குப் பெருமையா இருந்தது. நம்மளையும் 'பாஸ்'னு கூப்பிட ஒரு தெரு!

முதல் கடை. ஏ.சி., கண்ணாடிக் கதவு. குக்கரை வெளியே எடுத்ததும் கவுன்ட்டரில் இருந்தவர் உதட்டைப் பிதுக்கினார். "தம்பி, இதுக்குச் செலவு பண்றது வேஸ்ட். இ.எம்.ஐ. போட்டுத் தர்றேன், புதுசு எடுத்துட்டுப் போங்க." செலவே பண்ணக் கூடாத லேப்டாப்புகளும் உண்டுதான். மதர்போர்டு போனது, கீல் உடைஞ்சு டிஸ்ப்ளேவும் போனது. ஆனா அவர் லேப்டாப்பை ஆன் பண்ணிக்கூடப் பார்க்கலை. டேங்க்ஸ் சொல்லிட்டு இறங்கிட்டோம்.

ரெண்டாவது, கடையே இல்லை. ஒரு அட்டைப் பெட்டி மேலே சின்னதா கடை விரிச்சிருந்தார் ஒருத்தர். "ஒன் டி.பி. எஸ்.எஸ்.டி., ஆயிரம் ரூபாய், லாஸ்ட் பீஸ் தம்பி." பளபளன்னு பெட்டி, நாம கேள்விப்பட்ட மாதிரியே ஒரு பேர், ஆனா ஸ்பெல்லிங்கில் ஒரு எழுத்து மட்டும் வேற! ரூம்மேட் பாதி விழுந்துட்டான். "மச்சி, 1 டி.பி.டா!" நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். லேப் அண்ணன் முன்னாடியே சொல்லி அனுப்பியிருந்தார். இந்த மாதிரி சரக்கில் உள்ளே சின்ன மெமரி சிப்பை வைத்து, கம்ப்யூட்டரில் மாட்டினால் 1 டி.பி.னு பொய் சொல்ற மாதிரி மாத்தி வச்சிருப்பாங்களாம். கொஞ்சம் ஃபைல் போடற வரைக்கும் எல்லாம் சரியா இருக்கும். அளவு தாண்டினதும் புதுசு எழுத எழுதப் பழசு அழியும். மார்க்கெட் விலையில் பாதிக்கும் கீழே ஒருத்தர் கொடுத்தால், மீதிப் பாதியை நம்ம டேட்டா கொடுக்கும்.

மூணாவது கடை சின்னது. கவுன்ட்டரில் ஒரு அக்கா, கேள்வி நறுக்குன்னு வந்தது. "சாட்டாவா, எம் டாட் டூவா?" பழைய லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க் இருக்கிற இடத்திலேயே மாட்டுறது ரெண்டரை இன்ச் சாட்டா. எம் டாட் டூன்னா சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும், அதுக்குத் தனி ஸ்லாட் வேணும். எங்க குக்கரில் அது இல்லை. 256 ஜி.பி. சாட்டா 1,650 ரூபாய். பில், மூணு வருஷ வாரன்ட்டி. "பெட்டியில இருக்கிற சீரியல் நம்பரும் பில்லுல இருக்கிறதும் ஒண்ணான்னு பாத்துக்கோங்க. பில் இல்லாம வந்து நின்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று அந்த அக்காவே சொன்னது பிடிச்சிருந்தது.

ரேம் வாங்கும்போதுதான் மானம் போகத் தெரிந்தது. ரூம்மேட் தன் லேப்டாப் நினைப்பில் டி.டி.ஆர். 4 கேட்டு வாங்கி, பணம் கொடுக்கக் கையை பாக்கெட்டில் விட்டுட்டான். கடைக்காரர், "எந்த மாடல் தம்பி?" என்று கேட்டு, குக்கரைத் திருப்பிப் பார்த்துட்டுச் சிரிச்சார். எங்களுடையது டி.டி.ஆர். 3 எல். இதுக்கு 204 பின், அதுக்கு 260 பின், நடுவில் இருக்கிற வெட்டும் வேற இடத்தில். அழுத்தி மாட்டினால் ஸ்லாட் போயிடும். அந்த 'எல்' என்கிற எழுத்துக்கும் அர்த்தம் இருக்காம். சாதாரண டி.டி.ஆர். 3 ஒன்றரை வோல்ட்டில் ஓடும், எல் போட்டது 1.35 வோல்ட்டிலேயே ஓடும். குறைஞ்ச வோல்ட் மட்டும் கொடுக்கிற லேப்டாப்பில் எல் இல்லாததை மாட்டினால் பூட்டே ஆகாமல் போகலாம்.

"புதுசு கிடைக்கிறது கம்மி. கழட்டினது 4 ஜி.பி. இருக்கு, 650. செக் பண்ணிட்டுக் காசு கொடு" என்று மாடியைக் காட்டினார்.

மாடின்னா, ஒரு ஆள் ஏறினால் இன்னொரு ஆள் இறங்க முடியாத படிக்கட்டு. மேலே எட்டுக்கு எட்டு ரூம். ஒரு பெஞ்ச், ஒரு லென்ஸ் விளக்கு, சால்டரிங் புகை, சின்ன ரேடியோவில் பழைய பாட்டு. பெஞ்சில் ஒரு அண்ணன், நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். வி.சி.ஆர். ஹெட் கிளீன் பண்ணக் கத்துக்கிட்டு இந்தத் தெருவுக்கு வந்தவராம். ஸ்டிக்கரைப் பார்த்தார். "யாருது?" "அக்காவோடதுண்ணே." "ம்ம்."

ரேமை மாட்டுவார்னு பார்த்தால், முதலில் பழைய ஹார்டு டிஸ்க்கோட உடம்பைப் பரிசோதிக்கிற ஒரு சாஃப்ட்வேரை ஓட விட்டார். ஸ்கிரீனில் மஞ்சள் கட்டம். 'காஷன்' என்று இருந்தது. அவர் ரேடியோவை நிறுத்தினார்.

"தம்பி, இதுல முக்கியமானது ஏதாவது இருக்கா?"

"ப்ராஜெக்ட் இருக்குண்ணே. அது பென் டிரைவ்லயும் வச்சிருக்கேன்."

"வேற?"

அப்போதான் ஞாபகம் வந்தது. அக்கா கல்யாணப் போட்டோ மொத்தமும் அதில்தான். அப்புறம் 'ஆயா' என்று ஒரு ஃபோல்டர். எங்க ஆயா 2019-ல் போயிட்டாங்க. அதுக்கு முந்தின பொங்கலுக்கு நடவுப் பாட்டு ஒண்ணு பாடச் சொல்லி அக்கா போனில் எடுத்து, இதில் காப்பி பண்ணி வச்சிருந்தா. அந்தப் போன் தொலைஞ்சு பல வருஷமாச்சு. வேற எங்கேயும் காப்பி இல்லை.

"டிஸ்க் சாகப் போகுது" என்றார் அண்ணன் சாதாரணமா. "சில இடத்துல படிக்கவே முடியலை. ஸ்லோவா இருக்குதுன்னுதானே வந்தே? பாதி ஸ்லோ இதனாலதான். படிக்க முடியாத இடத்துல திரும்பத் திரும்ப முட்டிக்கிட்டு நிக்குது. இன்னும் ரெண்டு மாசம் ஓட்டியிருந்தா ஒருநாள் ஆன் ஆகாமலே போயிருக்கும்."

நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். எஸ்.எஸ்.டி.யாவது ரேமாவது... மூணு வருஷமா நெஞ்சில் கட்டிக்கிட்டுத் திரிஞ்ச பையில் ஆயா ஒரே ஒரு காப்பியா இருந்திருக்காங்க. எனக்கு அது தோணவே இல்லை.

"அப்படியே புதுசுக்கு மொத்தமா குளோன் பண்ணிடலாமாண்ணே?" எங்கேயோ படிச்சதைச் சொன்னேன். நல்ல டிஸ்க்குன்னா அது சரியாம். சாகப் போறதை மொத்தமா ஓட விட்டா நடுவிலேயே படுத்துடும். முக்கியமானதை முதலில் எடு, விண்டோஸையும் சாஃப்ட்வேரையும் எப்போ வேணா புதுசா போட்டுக்கலாம் என்றார். டிஸ்க்கைக் கழட்டி, ஒரு யு.எஸ்.பி. கேபிளில் மாட்டி, தன் கம்ப்யூட்டரில் சொருகினார். ப்ராஜெக்ட் வந்தது. கல்யாணப் போட்டோ ஊர்ந்து ஊர்ந்து வந்தது. கடைசியில் பதினோரு போட்டோ மட்டும் திறக்கலை. ஆயா ஃபோல்டர் 80 சதவீதத்தில் நின்னது. எர்ரர். மறுபடி. எர்ரர்.

மணி ரெண்டரை. "சாப்பிட்டு வாங்கடா, மூஞ்சியைப் பார்க்க முடியலை" என்று துரத்திவிட்டார். கீழே தள்ளுவண்டியில் சாம்பார் சாதம். எனக்கு இறங்கலை. ரூம்மேட் என் தட்டையும் சேர்த்து முடித்தான். நட்பு!

திரும்பி மேலே ஏறியபோது ஸ்கிரீன் கறுப்பா இருந்தது, அதில் வெள்ளை எழுத்து ஓடுது. லினக்ஸ் பென் டிரைவில் பூட் பண்ணி 'டிடி ரெஸ்க்யூ' என்று ஒண்ணை ஓட விட்டிருந்தார். அதோட புத்தி எனக்குப் பிடித்தது. முட்டிக்கிட்டு நிக்காது. படிக்க முடிகிற இடத்தையெல்லாம் முதலில் அள்ளிக்கும், முடியாததைக் குறிச்சு வச்சுக்கிட்டுத் தாண்டிப் போயிடும். எல்லாம் முடிஞ்சதும் குறிச்சு வச்ச இடத்துக்கு மட்டும் திரும்பி வந்து, தட்டித் தட்டிப் பார்க்கும். ஒண்ணே கால் மணி நேரம். பரீட்சை ஹாலில் தெரியாத கேள்வியைத் தாண்டிப் போறதை எனக்கு யாராவது இப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தால் ரெண்டு அரியர் குறைஞ்சிருக்கும்.

நாலேகாலுக்கு அந்த ரூமில் ஆயா குரல் கேட்டது. நடுவில் ரெண்டு செகண்ட் படம் கட்டம் கட்டமா உடையுது, பாட்டு கரகரக்குது. அப்புறம் மறுபடி சரியாகி, பாட்டை நிறுத்திட்டு, "எடுக்கிறியாடி? அதை நிறுத்துடி மொதல்ல" என்று சிரிக்கிறாங்க. அண்ணன் முழுசா பார்த்தார். "எங்க ஊர்லயும் இப்படித்தான் பாடுவாங்க" என்று மட்டும் சொன்னார்.

மீதி எல்லாம் மளமளன்னு நடந்தது. பேட்டரியைக் கழட்டினார். ஸ்க்ரூ டிரைவரை என் கையில் கொடுத்தார். "நீயே போடு. அடுத்த தடவை இதுக்காக டிரெயின் ஏறி வராதே." முதலில் அங்கே இருந்த ஒரு இரும்பு ஸ்டாண்டைத் தொடச் சொன்னார். உடம்பில் இருக்கிற ஸ்டாட்டிக் கரன்ட் போகணுமாம், நமக்குத் தெரியாத அளவுக்கு இருந்தாலே சிப்புக்கு ஆகாதாம். ரேமைச் சாய்வா ஸ்லாட்டுக்குள் சொருகி, கீழே அமுக்கினால் ரெண்டு பக்கமும் கிளிப் 'டக்'. எஸ்.எஸ்.டி. பழைய டிஸ்க்கைவிட ஒல்லி, இடம் ஆடுது. ஒரு பிளாஸ்டிக் சட்டத்தை வைத்துச் சரி பண்ணினார். மெமரியைச் சோதிக்கிற சாஃப்ட்வேரை ஒரு ரவுண்டு ஓட விட்ட பிறகுதான் ரேமுக்குக் காசு கொடுக்க விட்டார்.

"பழசுல இருந்தது 32 பிட் விண்டோஸ். அதை வச்சுக்கிட்டு எட்டு ஜி.பி. போட்டிருந்தேன்னா நாலுக்கு மேல அது கண்ணுக்கே தெரியாது" என்று சொல்லி 64 பிட் போட்டார். கூடவே பக்கத்தில் லினக்ஸ் மின்ட்டும். காரணம் அப்போதே தெரிஞ்சதுதான். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட்டின் வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு முடியுதுன்னு அறிவிச்சிருந்தாங்க. முடிஞ்சும் போச்சு. பதிவு பண்ணிக்கிட்டவங்களுக்கு ஒரு வருஷம் நீட்டிப்பு, அவ்வளவுதான். விண்டோஸ் 11 கேட்கிற பிராசஸர் லிஸ்ட்டில் குக்கர் இல்லை. ரேமும் எஸ்.எஸ்.டி.யும் போட்டால் எல்லாம் சரியாகிடும்னு உங்ககிட்ட யாராவது சொன்னா, இந்த இடத்தில் நிறுத்திக் கேளுங்க. நான் இப்போ முக்கால்வாசி நேரம் மின்ட்டில்தான் இருக்கேன். பைத்தான், ரெக்கார்டு டைப் பண்றது, பிரவுசர் எல்லாம் ஓடுது. வீடியோ எடிட்டிங் பக்கம் போனால் பழைய விசில் சத்தம்தான். பிராசஸர் அதே பிராசஸர்தானே? பேட்டரியும் நாப்பது நிமிஷம்தான் தாங்கும்.

அண்ணன் சர்வீஸுக்கு 300 ரூபாய் கேட்டார். அத்தனை மணி நேரத்துக்கு! கூட ஒரு நூறை நீட்டினேன், வாங்கலை. எல்லாம் சேர்த்து 2,600. மீதியில் டீ, சமோசா, டிரெயின் டிக்கெட் போக, வீட்டில் தனியா ஒரு காப்பி வைக்க ஒரு பென் டிரைவும் வாங்கினேன்.

இந்த விலையை மனசில் வைத்துக்கிட்டுக் கிளம்பிடாதீங்க. அது 2025 ஆகஸ்ட் கணக்கு. அந்த வருஷக் கடைசியில் மெமரி விலை கிடுகிடுன்னு ஏறிடுச்சு. ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்குச் சிப் தேவைப்பட்டதால் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிட்டாங்க, நம்ம மாதிரி ஆளுங்களுக்கு வர்ற சரக்கு குறைஞ்சுபோச்சு. டிசம்பரில் போன என் ஜூனியர், 'எங்க சீனியர் இந்த ரேட்டுக்கு வாங்கினார்' என்று சொன்னதும் கடைக்காரர் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிட்டு அதைத் திரும்பச் சொல்லச் சொன்னாராம்!

டிரெயினில் உட்கார இடம் கிடைச்சது. சைதாப்பேட்டை தாண்டும்போது மடியில் வைத்து ஆன் பண்ணினேன். ரூம்மேட் போனில் ஸ்டாப் வாட்ச். வழக்கமா ஆறே முக்கால் நிமிஷம் ஆகிறது, 21 செகண்டில் வந்து நின்னது. அவன் நம்பாம ரீஸ்டார்ட் பண்ணச் சொன்னான். மறுபடி 21. கிண்டிக்குள் நாலு தடவை பூட் பண்ணிட்டோம். எதிர் சீட்டுப் பெரியவர், "ரிப்பேரா தம்பி?" என்று பாவமா கேட்டார்.

அப்பா சீட்டை எடுக்கலை. நவம்பரில் அக்காவுக்குப் பொண்ணு பிறந்தது. பார்க்கப் போனப்ப லேப்டாப்பையும் எடுத்துட்டுப் போயிருந்தேன். குழந்தையை மடியில் போட்டுக்கிட்டு ஆயா பாட்டை மூணு தடவை கேட்டா. அந்த ரெண்டு செகண்ட் உடையற இடம் வந்ததும் அவளே வாயால் பாடி நிரப்பினா, அவளுக்கு அந்த வரி தெரியும். அப்புறம் வீடியோவை மூடிட்டு ஸ்கிரீனைப் பார்த்தா. முகம் மாறிச்சு.

"டேய், எங்கடா என் விஜய் வால்பேப்பர்?"